வீதி மாறியது, பிறேக் மாறவில்லை

பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ-35 வீதியில் இன்று மிகப் பழைய மோட்டார் சைக்கிள்கூட மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் சிரமமின்றி ஓடுகின்றது. யுத்த காலத்தில் இதே வீதியில் ஓடியவர்களுக்கு அது நம்ப முடியாத வேகம். குண்டும் குழியும், வெள்ளம் அறுத்த பள்ளமும் அன்று ஆளை ஓடவிடவில்லை. பொருளாதாரத் தடையால் பெற்றோல் மருந்து போலாகிவிட்டது. சில துளி பெற்றோலில் ஸ்ராட் செய்து மண்ணெண்ணெயில் ஓட்டிய இயந்திரத்துக்கு வேகமாக இழுக்க வலுவும் இருக்கவில்லை. அந்த வேகத்துக்கு அந்தப் பிறேக் போதுமாயிருந்தது. போதாத இடத்தில் காலை ஊன்றி நின்றோம். 2009க்குப் பின் ஏ-9 வீதியும் அதிலிருந்து பிரியும் பெரிய வீதிகளும் காப்பெற் வீதிகளாயின. மண்ணெண்ணெய் போய்ப் பெற்றோல் வந்தது. வேகம் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என ஏறியது. பழைய மோட்டார் சைக்கிளின் சில்லுக்குள் இருக்கும் டிறமும் சூவும் மட்டும் அன்றிருந்தபடியே இருக்கின்றன.

பழைய மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் குடும்பம், அதற்கு நிறம் பூசுவதற்கும் சீற் மாற்றுவதற்கும் முன்பாக அதன் பிறேக்கை இன்றைய வீதிக்கு ஏற்றதாக உயர்த்திக்கொள்ள வேண்டும் என்பது எமது கருத்து. அதிலும் முதலில் முன் பிறேக்கை. இதைச் சொன்னால் எம்மவர்களில் பலர் சிரிப்பார்கள் என்பது தெரியும். சிரிப்பவர்களுக்காகவே இதை எழுதுகின்றோம்.

இடம்பெயர்ந்த கமக்காரருக்கு ஏன் இது மற்றவர்களிலும் பார்க்கப் பெரிய விடயம் என்று கேட்கலாம். வீடு ஓரிடம், வயல் இன்னோரிடம் என்பதுதான் காரணம். வளவுக்குப் பின்னாலேயே வயல் இருந்த காலத்தில் மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தோம். 2012 செப்ரெம்பரில் மெனிக் பாம் முகாம் மூடப்பட்டபோது கேப்பாப்பிலவுக் குடும்பங்கள் தமது சொந்த மண்ணுக்குப் போக முடியாமல் வேறொரு காணியில் குடியேற்றப்பட்டதை யாவரும் அறிவோம். சொந்த ஊருக்குப் போனவர்களிலும் எத்தனையோ பேர் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்காகவோ, கிணறு தூர்ந்து கிடப்பதாலோ, வயலிலிருந்து பல கிலோமீற்றர் தள்ளியே வாழ்கின்றார்கள். விதைப்புக் காலத்தில் ஒரு நாளில் இரண்டு தரம், மூன்று தரம் போய்வர வேண்டியுள்ளது. போகும்போது உரப்பையும் மருந்துத் தெளிகருவியும். வரும்போது மனைவியும் பிள்ளையும், சில வேளை விறகும். முன்பு எருதும் வண்டிலும் செய்த வேலையை இன்று 100 சீ.சீ. இயந்திரம் ஒன்று செய்கின்றது. எருதை நிறுத்த ஒரு சொல் போதும். மோட்டார் சைக்கிளுக்கு அது போதாது.

கணக்கை ஒருமுறை பார்ப்போம். மணிக்கு 60 கிலோமீற்றர் என்பது செக்கனுக்கு ஏறக்குறைய 17 மீற்றர். மாடு ஒன்று வீதிக்கு ஏறுவதைக் கண்டு கையும் காலும் பிறேக்கில் பதிவதற்கு ஒரு செக்கன் என்று வைத்தால், பிறேக் தொடங்கும் முன்பே 17 மீற்றர் போய்விடும். காய்ந்த தார் வீதியில், முன்னும் பின்னும் நல்ல பிறேக் உள்ள மோட்டார் சைக்கிள் அதன் பின் 20 மீற்றரளவில் நிற்கும். பின் பிறேக்கை மட்டும் நம்பியது 40 மீற்றராவது இழுபடும். இதில் பயங்கரமான பகுதி வேறு. இரண்டு பிறேக்கும் உள்ளவர் நின்றுவிட்ட அந்த இடத்தை, பின் பிறேக் மட்டும் உள்ளவர் மணிக்கு 40 கிலோமீற்றருக்கும் கூடிய வேகத்தில் கடந்துகொண்டிருப்பார். ஒருவருக்கு மாடு தப்பியது. மற்றவருக்கு மாடும் இல்லை, காலும் இல்லை. வேகம் இரண்டு மடங்கானால் நிறுத்த வேண்டிய சக்தி நான்கு மடங்காகும் என்பது பள்ளிக்கூடத்தில் படித்த பாடம்தான். 20இல் ஓடிய ஒன்று 60இல் ஓடும்போது அதன் பிறேக்குக்கு ஒன்பது மடங்கு வேலை.

இனி, எம்மவர்கள் சிரிக்கும் இடத்துக்கு வருவோம். கராஜில் நின்றால் இப்படியொரு பேச்சைக் கேட்கலாம்.

"தம்பி, அந்த முன் பிறேக்கைக் கழற்றி விடு. அது ஆளைத் தூக்கி எறிஞ்சுபோடும்."

"ஓமண்ணை, கேபிளும் அறுந்துதான் கிடக்கு. பின் பிறேக்கை இறுக்கி விடுறன்."

இந்தப் பயம் வெறும் மூடநம்பிக்கை அல்ல. மணலும் கிறவலும் நிறைந்த ஒழுங்கைகளிலே ஓட்டப் பழகியவர்கள் நாம். மணலில் முன் பிறேக்கைச் சடுதியாகப் பிடித்தால் முன் சில்லு சறுக்கும், ஆள் விழுவார். ஒருமுறை விழுந்தவர் பின்பு அந்தப் பிடியில் விரல் வைக்கவே மாட்டார். ஆனால் மணலுக்குச் சரியான பாடம் தார் வீதிக்குப் பிழையான பாடம். பிறேக் பிடித்ததும் ஆளினதும் வாகனத்தினதும் பாரம் முன்னுக்குச் சாய்கின்றது. முன் சில்லு நிலத்தை அமத்துகின்றது, பின் சில்லு இலேசாகின்றது. இலேசான சில்லை எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் அது பூட்டுப்பட்டு இழுபடுமேயன்றி நிறுத்தாது. காய்ந்த தாரில் நிறுத்தும் வேலையின் பெரும்பங்கை முன் சில்லே செய்கின்றது. பின்னால் இரண்டு மூடை நெல் கட்டியிருந்தால் பங்கு சற்று மாறும், பின் பிறேக்குக்கும் பிடிமானம் கூடும். அப்போதும் முன் பிறேக் தேவையே. நிறுத்த வேண்டிய பாரமும் கூடிவிட்டதல்லவா?

எம்மவர்களின் இந்தப் பழக்கம் எமக்கு மட்டும் உரியதன்று. இந்தியாவிலும் கோடிக்கணக்கானோர் காலாலேயே பிறேக் பிடிக்கின்றார்கள். அதனால்தான் 2019 ஏப்ரல் தொடக்கம் அங்கு விற்கப்படும் 125 சீ.சீ. வரையான புதிய இருசில்லு வாகனங்களில், ஒரு பிறேக்கைப் பிடித்தால் மற்றதும் சேர்ந்து பிடிக்கும் இணைப்போ, சில்லு பூட்டுப்படாமல் காக்கும் அமைப்போ இருக்க வேண்டும் என்று சட்டமாக்கினார்கள். மனிதரைத் திருத்துவதிலும் இயந்திரத்தைத் திருத்துவது சுலபம் என்று கண்டார்கள் போலும். அதற்கு முந்திய மோட்டார் சைக்கிளை வைத்திருப்பவருக்கு அந்த வசதி இல்லை. அவருடைய வலது கை விரல்கள்தான் அந்த இணைப்பு.

"பழசை ஏன் பழுதுபார்க்கிறாய், புதுசு எடு" என்று ஆலோசனை சொல்பவர்களுக்குப் பஞ்சமில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 தொடக்கத்திலேயே அது மீண்டும் திறந்துவிடப்பட்டது. இடையில் 2022இன் நெருக்கடியில் ரூபா விழுந்தது; பெற்றோலுக்கு வரிசையில் நின்ற நாட்களை எவரும் மறக்கவில்லை. இந்த ஐந்து ஆண்டுகளில் ஏறிய விலைகள் கமக்காரரின் கைக்கு எட்டக்கூடிய இடத்துக்கு இறங்கி வரவில்லை. லீசிங்கில் எடுத்தவர்கள் ஒரு போகம் தவறினால் என்ன நடக்கும் என்பதையும் கண்டிருக்கின்றோம். நெல்லுக்கு விலை விழலாம், வெள்ளம் வரலாம், தவணைத் திகதி மட்டும் தவறாது. ஆகவே பெரும்பாலான வீடுகளில் உள்ள பழைய மோட்டார் சைக்கிளே இன்னும் பல ஆண்டுகளுக்கு ஓடப்போகின்றது. அதை நிற்கக்கூடியதாக்குவதற்கு ஆகும் செலவு பெரும்பாலும் ஒரு மூடை நெல்லின் பணத்துக்குள் அடங்கும்.

எம்மிடையே உள்ள பழைய மோட்டார் சைக்கிள்களின் பிறப்பையும் சற்று நினைக்க வேண்டும். ஹொண்டா எம்.டி. 90ஐ எடுத்துக்கொள்ளுங்கள். யப்பானில் தபால் ஊழியர்களுக்கென்றே செய்யப்பட்டது அது. வீட்டுக்கு வீடு நின்று நின்று கடிதம் கொடுப்பதற்கு உகந்த சிறிய சில்லும் டிறம் பிறேக்கும் அதற்கு வைத்தார்கள். சீ 90க்கு 110 மில்லிமீற்றர் டிறம். அதன் பின் வந்த ஹீரோ ஹொண்டா ஸ்பிளெண்டருக்கு 130 மில்லிமீற்றர். இவையெல்லாம் நல்ல பிறேக்குகளே, செய்தபடி இருந்தால். செய்தபடி எத்தனை இருக்கின்றன? 2009 மே மாதத்துக்குப் பின் முள்ளிவாய்க்கால், புதுக்குடியிருப்புப் பக்கங்களில் கைவிடப்பட்ட வாகனங்கள் குவியல் குவியலாகக் கிடந்தன. மழையிலும் உப்புக் காற்றிலும் கிடந்து துருவேறிய பாகங்களைக் கொண்டும், ஒன்றின் சில்லையும் இன்னொன்றின் பிறேக் பிளேற்றையும் சேர்த்தும் உருவான மோட்டார் சைக்கிள்கள் எம்மிடையே ஓடின. சில இன்னும் ஓடுகின்றன. அன்று அது கெட்டித்தனம். வேறு வழியும் இருக்கவில்லை. அந்தக் கெட்டித்தனத்தையே இன்றும் பிறேக்கில் காட்டுவதுதான் பிழை.

இரண்டு உதாரணம் சொல்கின்றோம். டிறத்துக்குள் இரண்டு சூக்கள், அவற்றை விரிக்க 'காம்' எனப்படும் ஓர் இரும்புத் துண்டு. காமின் வெளிமுனையில் ஒரு கை. அதைத்தான் கேபிள் இழுக்கின்றது. சூ தேய்ந்து, கேபிள் நட்டு முடியும்வரை இறுக்கியாகிவிட்டால் சூவை மாற்ற வேண்டும் என்பதே அர்த்தம். கராஜில் என்ன செய்கின்றார்கள்? அந்தக் கையைக் கழற்றி ஒரு பல் திருப்பிப் போடுகின்றார்கள். பிறேக் மறுபடியும் பிடிப்பது போலிருக்கும். ஆனால் கேபிளும் கையும் ஏறக்குறைய செங்கோணத்தில் சந்திக்கும்போதே இழுவை முழுமையாகக் கிடைக்கும். திருப்பிப் போட்டால் அந்தக் கோணம் கெடும், விரலின் பலம் வீணாகும். சூ தேய்ந்துவிட்டதைக் காட்டுவதற்குப் பிளேற்றில் உள்ள அம்புக்குறியும் அதன் பின் பொய் சொல்லும். மேலும் தேய்ந்தால், காம் அளவுக்கு மீறித் திரும்பிப் பிறேக் விடுபடாமல் இறுகிக்கொள்ளவும் கூடும். அடுத்தது, காமுக்கும் சூவுக்கும் நடுவில் தகரத் துண்டு வைப்பது. அந்தத் தகரம் ஒருநாள் நழுவும். அது எந்த நாள் என்பதுதான் தெரியாது.

அப்படியானால் உயர்த்துவது என்றால் என்ன? முதலில் டிறத்தைப் பாருங்கள். அதன் உட்பக்கத்தில் ஆகக்கூடிய அளவு பொறிக்கப்பட்டிருக்கும். 110 மில்லிமீற்றர் டிறத்துக்கு 111, 130க்கு 131. அதாவது ஒரு மில்லிமீற்றர் தேய்வுதான் அனுமதி. அதற்குள் இருந்து, ஓரத்தில் வரம்பு கட்டியோ நீள்வட்டமாகியோ இருந்தால், லேத் பட்டறையில் சிறிது கடைந்து சமப்படுத்தலாம். இங்கே ஒரு நுணுக்கம். சில்லுக்குக் கம்பி போட்டு இறுக்கி நேராக்கிய பின்புதான் கடைய வேண்டும். கம்பியின் இழுவையில் டிறம் சற்று வளையும். வெறும் டிறத்தைக் கடைந்துவிட்டுப் பிறகு கம்பி இறுக்கினால் செலவழித்த காசு வீண். அளவு மீறியிருந்தால் கடையச் சொல்லாதீர்கள், வேறு டிறம் தேடுங்கள்.

சூ வாங்கும்போது பெட்டியைப் பார்த்து வாங்காமல் சூவைப் பார்த்து வாங்க வேண்டும். லைனிங்கின் ஓரம் வெடித்திருக்கக்கூடாது, பசை விளிம்பில் ஒழுங்காகப் பிடித்திருக்க வேண்டும், இரண்டு சூவும் ஒரே தடிப்பாயிருக்க வேண்டும். லைனிங் 2 மில்லிமீற்றருக்குத் தேய்ந்தால் அதன் ஆயுள் முடிந்தது. புது சூ டிறத்தில் முழுவதுமாகப் படுகின்றதா என்று பார்க்க, டிறத்துக்குள் வெண்கட்டியைப் பூசி, பிறேக்கைப் பிடித்துச் சில்லை ஒரு சுற்றுச் சுற்றிக் கழற்றிப் பார்த்தால் போதும். வெள்ளை ஒட்டிய இடம்தான் படுகின்ற இடம். நடுவில் மட்டும் ஒட்டியிருந்தால் அந்த மேட்டை எமரித் தாளால் தேய்த்துத் தேய்த்து, நுனி முதல் நுனி வரை படும்படி செய்ய வேண்டும். ஒரு மணித்தியால வேலை. கராஜில் இதைச் செய்யச் சொன்னால் மறுக்கமாட்டார்கள், ஆனால் கேளாமல் செய்யவும் மாட்டார்கள். பழைய லைனிங்குகளில் கல்நார் கலந்திருந்தது. ஆகவே டிறத்துக்குள் இருக்கும் தூசை வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊத வேண்டாம், ஈரத் துணியால் துடைத்தெடுங்கள். பக்கத்தில் பிள்ளைகள் நின்றால் அப்பால் போகச் சொல்லுங்கள்.

காமைக் கழற்றித் துருவை நீக்கி, அதன் தண்டில் மட்டும் கடுகளவு கிறீஸ் பூசி மாட்டினால் பிடி எவ்வளவு இலகுவாகின்றது என்பதை நீங்களே உணர்வீர்கள். கிறீஸ் லைனிங்கில் பட்டால் அந்த சூவை மறந்துவிட வேண்டியதுதான். பெற்றோலில் கழுவினால் போகும் என்பார்கள். மேலே போகும், உள்ளே ஊறியது போகாது. சூவில் எண்ணெய் ஏறியிருந்தால் அது எங்கிருந்து வந்தது என்றும் தேடுங்கள். பெயரிங்கில் கிறீஸ் அளவுக்கு அதிகமாக இருக்கலாம், ஒயில் சீல் போயிருக்கலாம்.

கேபிளைப் பற்றி எவரும் பேசுவதில்லை. நாம் பிடிக்கும் பிடியின் பலம் பாதி வழியிலேயே தொலைவது கேபிளில்தான். பழைய கேபிளின் வெளியுறை நசிந்து, இழுக்கும்போது அதுவே சுருங்கும். உள்ளே துருவும் செம்புழுதியும் உராயும். தடித்த உறையுள்ள நல்ல கேபிள் ஒன்றைச் சடுதியான வளைவு இல்லாமல் கொண்டுபோய் மாட்டினால், சூ மாற்றாமலே பிறேக் பாதி திருந்திவிடும். மாட்டுவதற்கு முன் இரவு முழுவதும் அதைத் தூக்கிக் கட்டி, மேல்முனையில் சிறு கடதாசிக் கூம்பு வைத்து எஞ்சின் ஒயில் துளித்துளியாக இறங்க விடுங்கள். பிடியின் நுனியில் 2 சென்ரிமீற்றரளவு தளர்வு இருக்கட்டும். பிடித்த பின்பும் பிடிக்கும் கைப்பிடிக்கும் நடுவில் இரண்டு விரல் இடம் இருக்க வேண்டும்.

பின் பிறேக் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். அதன் பிளேற் சுழன்றுவிடாமல் பிடிக்கும் கம்பியின் நட்டில் கொட்டர் பின் இருக்கின்றதா என்று பாருங்கள். செயின் இறுக்கியபின் அதைத் திருப்பிப் போட மறப்பது சாதாரணம். அந்த நட்டு விழுந்தால் பிறேக் பிடித்த கணத்தில் பிளேற் சுழன்று சில்லைப் பூட்டும். மற்றது, மூடை ஏற்றுபவர்கள் மூடையை ஏற்றி வைத்துக்கொண்டே பின் சில்லைச் சுற்றிப் பார்க்க வேண்டும். வெறுமையாக நிற்கும்போது சரியாக இறுக்கியது, பாரத்தில் சில்லு உயரும்போது தானாக இறுகி உராய்வதும் உண்டு, தளர்வதும் உண்டு.

இளைஞர்கள் இவ்வளவையும் வாசித்துவிட்டு, "ஏன் இந்த வில்லங்கம், டிஸ்க் பிறேக் போட்டால் முடிந்தது" என்பார்கள். டிஸ்க் நல்லதே. தண்ணீரில் நனைந்தாலும் விரைவில் காயும், சூட்டிலும் டிறம் போல் தளராது. நாம் எதிர்ப்பது அதைப் போடுகின்ற விதத்தை. வேறொரு மோட்டார் சைக்கிளின் டிஸ்க்கை எடுத்து, அதைப் பிடிக்கும் கலிப்பரைத் தாங்க இரும்புப் பட்டி வெட்டி, முன் போக்கில் வெல்டிங் பிடித்து ஒட்டுகின்றார்கள். முன் பிறேக் பிடிக்கும்போது வரும் விசை முழுவதையும் அந்த வெல்டிங் தாங்க வேண்டும். வெடித்தால், கலிப்பர் கம்பிகளுக்குள் போய்ச் சில்லு அந்த இடத்திலேயே நிற்கும், ஓட்டுபவர் நிற்கமாட்டார். டிறத்துக்கென்று செய்யப்பட்ட மெல்லிய போக் ஒரு பக்க இழுவையில் முறுகவும் செய்யும். கலிப்பர் ஒன்றினுடையது, எண்ணெய்ப் பம்பி இன்னொன்றினுடையது என்றால் அளவுகள் பொருந்தாது. ஒன்றில் பிடி கல்லாயிருக்கும், அல்லது பஞ்சாயிருக்கும்.

டிஸ்க் வேண்டுமென்றே முடிவு செய்தால், அதே கம்பனியின் அதே வகையில், கம்பனியே டிஸ்க் போட்டு விற்ற மோட்டார் சைக்கிளின் முன்பகுதியை முழுவதாக வாங்குங்கள். போக் இரண்டு கால்கள், எக்சில், சில்லு, கலிப்பர், குழாய், மேலே பிடியுடன் உள்ள பம்பி எல்லாம் ஒன்றிலிருந்தே வரவேண்டும். பூட்டிய பின் கைப்பிடியை இரு பக்கமும் முழுவதாகத் திருப்பிப் பாருங்கள், குழாய் இழுபடக்கூடாது. மூடியில் டொட் 3 அல்லது டொட் 4 என்று எழுதியிருக்கும். அந்தப் பிறேக் எண்ணெயைத் தவிர வேறெதையும் ஊற்ற வேண்டாம். எஞ்சின் ஒயில் ஊற்றினால் உள்ளே இருக்கும் இறப்பர் ஊதிப் பிறேக் கெட்டுப்போகும். பிறேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஆகையால் குறையாவிட்டாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். இத்தனையையும் கூட்டிப் பார்த்தால், மாதம் ஒருமுறை கராஜுக்குப் போக வசதியில்லாத வீட்டுக்கு, ஒழுங்காகத் திருத்திய டிறம் பிறேக்கே பொருத்தம் என்பது எமது எண்ணம். வயல்வெளியில் கேபிள் அறுந்தால் தெரியும், மாற்றலாம். எண்ணெய் கசிந்த டிஸ்க்கை அங்கே என்ன செய்வது?

எமது மண்ணும் நீரும் பிறேக்குக்கு இரண்டு எதிரிகள். கோடையில் செம்புழுதி டிறத்துக்குள் புகுந்து லைனிங்கைக் கண்ணாடி போல் மினுக்கிவிடும். எமரித் தாளால் மெதுவாகச் சுரண்டினால் திருந்தும். மாரியில் தாழ்பாலங்களுக்கு மேலால் வெள்ளம் பாயும்போது கடந்தாலும், வாய்க்காலுக்குள் இறக்கிக் கழுவினாலும் டிறம் நனையும். நனைந்த டிறம் முதல் இரண்டு மூன்று பிடிக்குப் பிடிக்காது. தண்ணீரைக் கடந்த உடனே மெதுவாக ஓடியபடி இரண்டு பிறேக்கையும் இலேசாகத் தடவிப் பிடித்துக் காயவைக்க வேண்டும். மாசி, பங்குனியில் காலபோக நெல்லை வீதியோரம் காயப் போடுகின்றோம். சிதறிய நெல்மணி மணலைப் போலவே சறுக்கும். அங்கே முன் பிறேக்கில் விரலை மெதுவாக வையுங்கள். இரவில் தார்ச் சூட்டுக்காக மாடுகள் வீதியிலேயே படுக்கின்றன. கறுத்த மாடு வெளிச்சத்தில் தெரியும் தூரம் எவ்வளவு என்று யோசித்தபின் வேகத்தைத் தீர்மானியுங்கள். ரயர் மொட்டையாக இருந்தால் மேலே சொன்ன எதுவும் பயன்தராது.

இலங்கையில் பதிவான வாகனங்களில் பாதிக்கு மேற்பட்டவை மோட்டார் சைக்கிள்கள். ஆண்டுதோறும் வீதி விபத்துகளில் 2000க்கும் அதிகமானோர் சாகின்றார்கள். இத்தனை ஷெல்லுக்கும் குண்டுக்கும் தப்பிப் பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்த்த தாய்மார், அதே பிள்ளைகளைக் கேபிள் அறுந்த மோட்டார் சைக்கிளின் பெற்றோல் தாங்கியில் இருத்தி அனுப்புகின்றார்கள். இதை எழுதுவதற்கு எமக்குச் சங்கடமாகத்தான் இருக்கின்றது. ஆனால் வேறு எப்படிச் சொல்வது? குடும்பத் தலைவரை இழந்த வீடுகளில் அவருடைய மோட்டார் சைக்கிளையே மனைவியோ மகளோ ஓட்டுகின்றார்கள். அந்தப் பிடியும் அந்த மிதியும் ஓர் ஆணின் கைக்கும் காலுக்கும் இறுக்கி வைக்கப்பட்டவை. பிடிக்கு விரல் எட்டவில்லையானால் கேபிளைத் தளர்த்தி எட்டவைக்கலாம், மிதியையும் கீழே இறக்கலாம். கராஜில் கூச்சப்படாமல் கேளுங்கள். கழற்றிய பழைய சூவையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். காசு உங்களுடையது.

தனியொருவராக இதைச் செய்ய முடியாது என்பவர்கள் கிராமமாகச் செய்யலாம். கமக்காரர் அமைப்புகள் ஒவ்வொரு போகத்துக்கும் முன் கூட்டம் கூடுகின்றன. வாய்க்கால் துப்புரவுக்கு நாள் குறிக்கின்றன. மாரி தொடங்குமுன் புரட்டாதியில் பிறேக்குக்கும் ஒரு நாளைக் குறித்தால் என்ன? டிறத்தை அளக்கும் வேர்ணியர் ஒன்றைப் பொதுவில் வாங்கி வைக்கலாம். சூவையும் கேபிளையும் இருபது வீட்டுக்குச் சேர்த்து வாங்கினால் நல்ல சாமானாகப் பார்த்துக் கேட்டு வாங்கலாம், விலையும் குறையும். கிளிநொச்சி அறிவியல்நகரில் 2016 முதல் இயங்கும் இலங்கை - ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தில் வாகனத் தொழில்நுட்பமும் கற்பிக்கின்றார்கள். அங்கு படிக்கும், படித்து முடித்த எமது ஊர்ப் பிள்ளைகளை அந்த நாளில் அழைத்தால் வருவார்கள். கராஜ் வைத்திருக்கும் தம்பிமாரையும் கூட அழையுங்கள். அவர்களின் பிழைப்பைக் கெடுக்கும் நாளாக அது இருக்கக்கூடாது.

அன்றைக்கே பள்ளிக்கூட மைதானத்தில் மணல் ஓரிடத்திலும், பக்கத்தில் உள்ள தார் வீதியில் வேறோரிடத்திலும் முன் பிறேக்கைப் பிடித்துப் பழகலாம். 20 கிலோமீற்றர் வேகத்தில் தொடங்குங்கள். விரல்களால் பிடியை முதலில் தொட்டு, முன் பாரம் அமரும்வரை பொறுத்து, அதன் பின் அழுத்துங்கள். சடுதியாகப் பறிக்க வேண்டாம். காலும் கூடவே மெதுவாக இறங்கட்டும். நான்கைந்து தரம் செய்தவருக்குப் பயம் போய்விடும்.

புது சூ போட்டதும் எல்லாம் முடிந்துவிட்டதென்று அன்றைக்கே மூடை ஏற்ற வேண்டாம். லைனிங் டிறத்தோடு படிந்து வருவதற்கு 100, 200 கிலோமீற்றராவது ஓட வேண்டும். அதுவரை நீண்ட நேரம் பிடித்து வைத்திருக்காமல், விட்டுவிட்டுப் பிடித்து ஓடுங்கள். அதன் பின் கேபிள் சற்றுத் தளர்ந்திருக்கும். நட்டை இரண்டு சுற்று இறுக்கி, சில்லு உராயாமல் சுற்றுகின்றதா என்று பார்த்துவிட்டு நெல்லை ஏற்றலாம்.